புரியாணி தின்று குறைந்த ஐந்து கிலோ

இந்நேரம் எனக்குப் புது முழங்கால் பொருத்தியிருக்க வேண்டும். பொருத்தவில்லை. காரணம் கேட்கிறீர்களா? என் அபாரமான கணக்கறிவு!

வலது முழங்கால் தேய்ந்து ஒன்றரை வருடம். தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷன் படிகளில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். யாராவது பார்த்தால் போன் பேசுவதுபோல நின்றுவிடுவேன். வெட்கம்! தொண்ணூறு கிலோவுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் இருப்பது சாரிட்டி கடையில் பழசாக வாங்கிய தராசு. அதற்குக் கிலோ தெரியாது. ஸ்டோனும் பவுண்டும் மட்டும்தான். இந்த வெள்ளைக்கார நாட்டில் உருளைக்கிழங்குக்குக் கிலோ, பெட்ரோலுக்கு லிட்டர், மனிதனுக்கு மட்டும் ஸ்டோன்! ஒரு ஸ்டோனுக்குப் பதினான்கு பவுண்ட். ஏன் பதினான்கு? கேட்டால் மரியாதையாகச் சிரிப்பார்கள்.

நானோ படித்தவன்... 14 ஸ்டோன் 9 பவுண்ட் காட்டியது. கிலோவாக மாற்றப் போனில் 14.9 ஸ்டோன் என்று தட்டினேன். 94.6 கிலோ! மூன்று வாரம் ஓட்ஸ் குடித்தும் முள் அசையவில்லை.

பிறகு கிங்ஸ்பரியில் ஒரு கல்யாண ரிசெப்ஷன். ஆட்டிறைச்சிப் புரியாணி, இரண்டு தரம். மறுநாள் காலை பயந்துகொண்டே தராசில் ஏறினேன். 14 ஸ்டோன் 10 பவுண்ட். போனில் 14.10 என்று தட்டினேன். 89.5 கிலோ! புரியாணி தின்று ஐந்து கிலோ குறைந்த முதல் மனிதன் நான்தான்.

"இஞ்சருங்கோ, தராசு கூட்டிக் காட்டுது, போன் குறைச்சுக் காட்டுது. எங்கேயோ பிழையப்பா," என்றாள் மனைவி.

"உமக்குக் கணக்கு விளங்காது," என்றேன். கட்டித் தந்த மிச்சப் புரியாணியையும் முடித்தேன்.

போன வாரம் ஆபரேஷனுக்கென்று போனால், ஆஸ்பத்திரித் தராசு சொன்னது – 94 கிலோ.

"உங்கட மெஷின் பிழை, பிள்ளை," என்றேன். நேர்ஸ் யாழ்ப்பாணத்துப் பெண். என் போனை வாங்கிப் பார்த்தாள்.

"அங்கிள், பத்துப் பவுண்டைப் புள்ளி பத்து எண்டு போட்டிருக்கிறியள். போனுக்கு அது வெறும் புள்ளி ஒண்டுதானே! ஸ்டோனுக்குப் பதினாலு பவுண்ட் எண்டு தெரியாதோ?"

தெரியும். அதுதான் கொடுமை!

"இப்ப செய்ய ஏலாது, அங்கிள். இனி நாலு மாதத்தால வாங்கோ."

அழுகை வந்துவிட்டது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஒரு அளவும் தெரியாதவன் யாரையாவது கேட்டுத் தப்பித்துவிடுவான். இரண்டும் தெரியும் என்று நினைப்பவன்தான் மாட்டிக்கொள்கிறான்.

பிழை விட்டது மண்டை... நாலு மாதத் தண்டனை மட்டும் முழங்காலுக்கு!