பஃப்ஸ் சப்பாத்தியான ஒன்பது நாட்கள்

உறைகிற கொழுப்பு எல்லாம் இதயத்தைக் கெடுக்கும் டிரான்ஸ் ஃபேட் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் வீட்டு ஃபிரிட்ஜில் சோதனையும் நடத்தினேன். வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து நெய், வெண்ணெய், பஃப்ஸ் கொழுப்பு மூன்றையும் கொண்டுவந்து தனித்தனி டம்ளரில் வைத்தேன். மூன்றும் உறைந்தன. பக்கத்தில் வைத்த தேங்காய் எண்ணெயும் உறைந்தது.

"இதைத் தலையில தேய்க்காத" என்றேன் மனைவி மல்லிகாவிடம்.

"ஏன், முடிக்கு ஹார்ட் அட்டாக் வந்துருமா?" என்றாள்.

கீரனூரில் பேக்கரி மாஸ்டராக இருபத்திரண்டு வருடம் அடுப்படியில் நின்றவன் நான். விற்கிற பண்டத்தின் கொழுப்பில் டிரான்ஸ் ஃபேட் நூற்றுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வந்தபோது, மாஸ்டர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. "மொதல்ல மாஸ்டரத்தான் புடிப்பாங்க" என்றது அது. பேசியது யார் என்று இன்றுவரை தெரியாது. அன்றைக்கு எனக்கு அதுதான் சட்டப் புத்தகம்.

பஃப்ஸ் மாவை மடித்து மடித்துத் தேய்க்கும்போது இடையில் கெட்டிக் கொழுப்பு இருக்க வேண்டும். அது இருந்தால்தான் அடுப்பில் மடிப்பு பிரிந்து எழும். இந்தக் கொழுப்பு அட்டைப் பெட்டியில் கட்டியாக வரும். லோடு வந்ததும் கட்டிகளை ஃபிரிட்ஜில் அடுக்குவோம், பெட்டிகளைப் பிரித்து அடுப்புக்கு முன்னால் தரையில் விரிப்போம். எண்ணெய்த் தரையில் கால் வழுக்காது. எல்லாப் பேக்கரியிலும் இதுதான் நடக்கும்.

பிடித்துவிடுவார்களோ என்ற பயத்தில், கடை ஃபிரிட்ஜில் இருந்த ஐந்து கட்டிகளையும் மினி ஆட்டோவில் ஏற்றித் திருவரங்குளத்தில் மச்சினன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, முதலாளி செல்லையாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஜெயிலுக்குப் போறதுன்னா நீ போ மாஸ்டரு. எனக்கு மடிப்பு மட்டும் வந்துறணும்" என்றார்.

மடிப்பு வரவில்லை. ரீஃபைண்ட் ஆயிலில் போட்ட பஃப்ஸ் படுத்துக்கொண்டது. தினமும் திருச்சி பஸ் ஏறுமுன் இரண்டு வாங்கும் வாத்தியார் ஒன்றைக் கையில் மடக்கிப் பார்த்தார். அது மடங்கியது.

"மாஸ்டர், இதுக்குக் குருமா தனியா வாங்கணுமா?"

ஒன்பதாம் நாள் செல்லையா தட்டை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார். "நாளைக்கும் இப்படியே வந்துச்சுன்னா ஆலங்குடி மாஸ்டர வரச் சொல்லிருவேன். நீ வேற எடம் பாத்துக்க."

ஐம்பதை நெருங்குகிறவனுக்கு வேறு இடம் எங்கே இருக்கிறது? ஜெயில் தேவலை என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து உணவுப் பாதுகாப்பு அதிகாரி உள்ளே வந்தார். பெண் அதிகாரி, கையில் ஒரு ஃபைல்.

"பஃப்ஸ் எதுல போடுறீங்க?"

"ஆயில்லதாங்க மேடம். உறையிற ஐட்டமே கடைக்குள்ள கெடையாதுங்க."

அவர் தட்டைப் பார்த்தார். "அதான் இப்படி இருக்கா?"

பிறகு என் காலைப் பார்த்தார். "கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன். நான் மிதித்துக்கொண்டிருந்த அட்டையைத் தூக்கி, மாவைத் தட்டிவிட்டுப் படித்தார். "டிரான்ஸ் ஃபேட் ரெண்டு சதவீதத்துக்குக் கம்மின்னு இதுலயே போட்டிருக்கே. இந்தச் சரக்கு எங்க?"

"திருவரங்குளத்துலங்க. மச்சினன் வீட்ல."

"அங்க எதுக்கு?"

வாட்ஸ்அப், ஃபிரிட்ஜ், தேங்காய் எண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க ஃபைலைத் திறந்துகொண்டார்.

"உறையிறதெல்லாம் டிரான்ஸ் ஃபேட் இல்லீங்க. இப்ப அது இல்லாமலே கெட்டியாத் தயாரிக்கிறாங்க. வாங்குறப்ப லேபிளப் படிச்சாப் போதும்."

செல்லையா என்னைப் பார்த்தார். நான் அட்டையைப் பார்த்தேன். அந்த எழுத்தின் மேல் ஒன்பது நாளும் நின்றுகொண்டுதான் பயந்திருக்கிறேன். இப்போதெல்லாம் பெட்டியைப் படித்த பிறகுதான் பிரிக்கிறேன்.

மறுநாள் கட்டிகள் திரும்பி வந்தன, பஃப்ஸ் எழுந்தது, ஆலங்குடி மாஸ்டர் வரவில்லை. அதிகாரி மறுபடி வந்து எடுத்துப்போன கொழுப்பு சாம்பிள் பாஸ் ஆனது. கடைக்கு நோட்டீஸும் ஒன்று வந்தது, தரையில் அழுக்கு அட்டை விரித்திருந்ததற்காக.