இரட்டைப் பிரதி

படத்தை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அட்டவணையம்மாவுக்கு அங்கேதான் வேலை தொடங்கும். வாசிப்பறை ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை தூங்குகிற படம். நூலகத்தின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு அது போதும். ஆனால் பொருள் பிரித்துத் தலைப்புக் கொடுக்காமல் எதையும் வெளியே விட அவருக்கு மனம் வராது. ‘வீட்டு விலங்குகள்’ என்று அடிப்பார். இந்தப் பூனைக்கு வீடு ஏது? அழிப்பார். ‘பூனை – பொது.’ ஊஹூம். கடைசியில் ‘பூனை – நூலகங்களில் – உறுப்பினர் அல்லாதவை’ என்று வந்து நிற்கும்போது மேசையில் தேநீர் ஆடை கட்டியிருக்கும். பூனையும் எழுந்து போயிருக்கும்.

வந்திறங்கும் புத்தகங்களுக்கு எண் போட்டு, இன்னது இன்ன அலமாரிக்கு என்று இடம் சொல்வது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. வீட்டிலும் இதே கதைதான். “உப்பு எங்க?” என்று கணவர் கத்தினால், “‘உ’வுல பாருங்க, உருளைக்கிழங்குக்கு முன்னாடி” என்று பதில் வரும். “என்னை எந்தத் தட்டுல வெச்சிருக்க?” என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். “ரெஃபரன்ஸ். வெளிய குடுக்கறதில்ல.”

இப்போதெல்லாம் புத்தகங்கள் எண்ணோடும் தலைப்போடும் தலைமையகத்திலிருந்தே தயாராக வந்துவிடுகின்றன. அம்மாவின் மேசை காலி. தலைமை நூலகர் அவரைவிட வயதில் இளையவர். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “நம்ம ஃபேஸ்புக் பக்கத்தை நீங்க பாத்துக்கங்க மேடம். ஆனா அதுல உயிர் தெரியணும். இல்லேன்னா நூலகக் குழு இதை வெளியாள்கிட்ட குடுத்துடும். அப்புறம் உங்களைக் கிடங்குக்குப் போடறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல.” கிடங்கு தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது. தூசி பட்டாலே அம்மாவுக்கு மூச்சு இழுக்கும். “அங்க போனா நானும் ஒரு பழைய பிரதிதான்” என்றார், புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டர்காரரிடம்.

ஃபேஸ்புக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் வந்தாள். ஊழியர்கள் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். கவுண்டர்காரர் அன்றே தேறிவிட்டார். குழு உறுப்பினர் அத்தனை பேருக்கும் ரோஜாப்பூ போட்டு ‘இனிய காலை’ அனுப்பினார், சாயங்காலத்தில். அம்மா எழுதிய முதல் பதிவு அரைப்பக்கம். அதற்குப் பொருளடக்கம் ஒரு பக்கம். “சும்மா பேசுங்க மேடம், வாசகர்களோட கலகலன்னு பேசுங்க” என்றாள் அந்தப் பெண். “சுவர் பூரா ‘பேசாதீர்’னு எழுதி மாட்டினவகிட்ட சொல்ற பேச்சாம்மா இது?” என்றார் அம்மா.

ஆனாலும் விடவில்லை. படம் எடுக்கக் கற்றார். புதுப் புத்தகங்களை வெயில் படும்படி சாய்த்து வைத்து எடுத்தார். பூனைக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். அப்படியும் எந்தப் படத்தின் கீழும் மூன்று கருத்துகளுக்கு மேல் நிற்கவில்லை. ஓர் ‘அருமை’, ஒரு ‘சூப்பர்’, ஒரு ‘வாழ்த்துகள்’. அவ்வளவுதான். குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாள் தலைமை நூலகர் கேட்டேவிட்டார்.

“எதைப் போட்டாலும் ஒரே ஒரு அருமைதான் வருதே மேடம்?”

“நிறைய வருது சார். இரட்டைப் பிரதியெல்லாம் அன்னன்னைக்கே கழிச்சுடுவேன்.”

“என்னது?”

“ஒரே விஷயம் எதுக்கு சார் பத்து? ஒண்ணு இருந்தா போதாதா? இடத்தை அடைக்குமில்ல?”

தலைமை நூலகர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கவுண்டர்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“‘நன்று’ன்னு யாராவது போட்டா?”

“அதுவும் அருமையும் ஒரே பொருள்தானே சார். அதையும் எடுத்துடுவேன்.”

“மேடம், நாளைக்குக் குழு எண்ணிப் பாக்கப் போறதே அதைத்தான்.”

அம்மாவுக்கு உறைத்தது. கிடங்குக்கு வழியை யாரும் காட்டவில்லை. தானே நாள்தவறாமல் பெருக்கிக் கோலம் போட்டு வைத்திருக்கிறார். கழித்ததைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பிறகு, தாமதக் கட்டணத்துக்குக் கடிதம் எழுதிப் பழகிய கையால் தட்டினார்: ‘வாசகர்கள் கவனத்திற்கு. தாங்கள் அன்புடன் வழங்கிய அருமை, சூப்பர் முதலியவை இரட்டைப் பிரதிகள் எனத் தவறாகக் கருதப்பட்டு நீக்கப்பட்டன. பிழை அட்டவணைப் பிரிவினுடையது. மீண்டும் வழங்கி உதவவும்.’ கீழே தலைப்பு: ‘அருமை – இழப்பு – மன்னிப்பு கோருதல்.’

நாளிதழ் மேசையில் தினமும் குறுக்கெழுத்துப் போடும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்தான் முதலில் வந்தார்: ‘அருமை. பிரதி 1.’ அடுத்து யாரோ: ‘அருமை. பிரதி 2. ஓரம் மடிக்காமல் வைத்துக்கொள்ளவும்.’ ஒரு கல்லூரிப் பெண்: ‘சூப்பர். திருத்திய மறுபதிப்பு.’ இன்னொருவர் சண்டைக்கே வந்தார்: ‘என் நன்று தனி நூல். அருமையோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.’ இருட்டுவதற்குள் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அம்மாவின் விரல் அரித்தது, கையைக் கட்டிக்கொண்டார். நடுவில் கணவருடையதும் ஒன்று: ‘அருமை. வெளியே கொடுப்பதற்கில்லை.’

மறுநாள் குழுத் தலைவி வந்துவிட்டார். தலைமை நூலகர் அவரை அழைத்துக்கொண்டு படியேறும் சத்தம் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலே புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது: ‘மொக்கை.’

எட்டிப் பார்த்த கவுண்டர்காரருக்கு வேர்த்துவிட்டது. “அம்மா, அழிங்க! சீக்கிரம்! வந்துட்டாங்க!”

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மேலிருந்து கீழ்வரை தேடினார். வேறு எங்குமே அந்தச் சொல் இல்லை.

“இது ஒண்ணுதான் இருக்கு.”

“ஒண்ணே ஒண்ணுதானேம்மா, தட்டி விடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?”

“இருக்கறதே ஒரு பிரதி. அதை எந்த லைப்ரரியிலய்யா கழிப்பாங்க?”

செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா கைக்குட்டையால் திரையை ஒருமுறை துடைத்தார். பிறகு, வருகிறவர் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும்படி, அதைத் திருப்பி வைத்தார்.