கிளாம்புக்குள் இரண்டு வளையம்

இன்று ஒரகடம் சிக்னலில் ஒரு பைக்கின் சைலன்சர் கசிந்து படபடத்தது. அந்தச் சத்தம் என்னை என் எட்டு வயதுக்கு இழுத்துப் போனது.

அம்மா வாலாஜாபாத் பள்ளியில் டீச்சராகச் சேரும் நாள். பத்து மணிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். வழியில் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் சைலன்சர் குழாயை எஞ்சினோடு பிடித்திருந்த கிளாம்பு உடைந்தது. அப்பா வண்டிப் பெட்டியிலிருந்து புது கிளாம்பும், புகை கசியாமல் இணைப்புக்குள் வைக்கும் புது வளையமும் எடுத்து மாட்டினார். எவ்வளவு இறுக்கியும் புகை கசிந்தது.

அம்மா தரையைப் பார்த்தாள். "பழைய கிளாம்பு கீது. பழைய வளையம் எங்கங்க? உள்ளயே ஒட்டிக்கினு இருக்கும். அதும்மேல புதுசு எப்டி உக்காரும்?"

"டீச்சரம்மா பாடத்த ரோட்லயே ஆரம்பிச்சிட்டியா?" என்றபடி அப்பா கழற்றினார்.

அம்மா புதுப்புடவையைச் செருகிக்கொண்டு குனிந்து, கொண்டை ஊசியால் கருகிய வளையத்தைச் சுரண்டி எடுத்தாள். அப்பா திரும்ப மாட்டி உதைத்ததும் வண்டி சீராக உறுமியது. நான் குதித்தேன்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பள்ளிக்குள் ஓடினோம். அம்மா மூச்சிரைக்கக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்திலேயே அவள் கட்டைவிரல் கரியாகப் பதிந்தது.

தலைமையாசிரியை பதிவேட்டை உற்றுப் பார்த்தார்.

"கையெழுத்தே போதும் டீச்சர். ரேகை வேணாம்."