ஊதுகிறவன் வீட்டில் சாத்துக்குடி

பழம் என்றால் உரித்துத் தின்ன வேண்டும். என் மருமகள் அட்டைப் பெட்டியில் அடைத்த ஆரஞ்சு ஜூஸை வாங்கி வந்து பிரிட்ஜில் வைக்கிறாள். பேரப்பிள்ளைகள் அதில் குழாயைக் குத்தி உறிஞ்சுகிறார்கள். நான் காலையில் ஒரு சாத்துக்குடி, அது கிடைக்காத நாளில் ஒரு கிச்சிலி, உரித்துச் சுளை சுளையாகத் தின்கிறேன். சுளையைச் சுற்றியிருக்கும் வெள்ளை நாரைச் சுரண்டி எறிய மாட்டேன், அதிலும் நல்லது இருக்கிறது. தின்றதும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிப்பேன். புளிப்பைப் பல்லில் தங்கவிடக் கூடாது. முருங்கைக்கீரை வைத்த அன்றைக்குச் சோற்றில் எலுமிச்சை நாலு சொட்டு பிழிந்துகொண்டால், கீரையில் இருக்கிற இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும். சளி பிடித்தால் ஆரஞ்சு தின்றால் போய்விடும் என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஈறும் பல்லும். நான் குடியிருக்கிற சாரம் பகுதியில் என் வயதுக்காரர்கள் முறுக்கை நொறுக்கி டீயில் ஊறவைத்துத் தின்கிறார்கள். நான் கடித்தே தின்கிறேன்.

இந்தப் பழக்கம் மாமாவிடமிருந்து வந்தது. மாமா, அம்மாவின் தம்பி. இத்தனைக்கும் சாத்துக்குடியைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய் நடக்கிற மனிதர்.

மாமா கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதினார். எங்கள் வீட்டில்தான் இருந்தார், கல்யாணம் ஆகவில்லை. ஊதுகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. எதிரே நின்று எவனாவது எலுமிச்சம்பழத்தைச் சப்பினால், பார்க்கிறவர் வாயில் எச்சில் ஊறி உதடு வழுக்கிவிடும். பாட்டு பாதியில் செத்துப்போகும். புளிப்பின் ருசி தெரிந்த வாய்தான் ஊறும் என்று பேண்டு மாஸ்டர் ஒரு சட்டமே போட்டிருந்தார். அவரிடம் ஊதுகிற எவனும் புளிப்பைத் தின்னக் கூடாது, தொடக் கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. மாஸ்டர் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பட்டாள பேண்டில் இருந்தவர். ‘கவனம்!’ என்பதைப் பிரெஞ்சில் ‘அத்தான்சியோன்!’ என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் பேண்டு ஆட்கள் மட்டுமில்லை, தெருவில் போகிற மாடும் நிற்கும்.

மாமா அந்தச் சட்டத்தை வேதமாக எடுத்துக்கொண்டார். அவர் வீட்டில் இருக்கும்போது அம்மா எலுமிச்சம்பழம் அறுக்க முடியாது. அப்பா மில்லில் வேலை செய்தார். காலையில் பழைய சோற்றுக்கு நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாவிட்டால் அவருக்கு இறங்காது. கொல்லையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, திருட்டுத்தனம் செய்கிறவர் மாதிரி தின்பார்.

“உன் தம்பி பீப்பி ஊதறதுக்கு நான் செவுத்தப் பாத்து சோறு துன்னணுமா? நல்லா கீதுடி உங்க குடும்பம்” என்பார். அம்மா, “சத்தம் போடாம துன்னுங்க, ஊறுகா வாசன வீட்டுக்குள்ள வருது” என்பாள்.

மாமா தின்றதெல்லாம் கருவாடும் சோறும், டீயும் பன்னும். பழம் என்று ஒன்று அவர் வாயில் போய் நான் பார்த்ததில்லை. கீரை பல்லிடுக்கில் ஒட்டும் என்று அதையும் ஒதுக்கிவிட்டார்.

ஒரு நாள் காலை கொல்லையில் கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி சிவப்பாக இருந்தது. என்னாது மாமா என்று கேட்டேன். “வெத்தல போட்டேன்டா” என்றார். நம்பிவிட்டேன். மாமா வெற்றிலை போடுகிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும், இருந்தும் நம்பினேன்.

அம்மா நம்பவில்லை. தலையணை உறையில் கறையைப் பார்த்துவிட்டு நேரே வந்தாள்.

“டேய் தம்பி, வாயத் தெற.”

“ஒண்ணுமில்லக்கா.”

“தெறடான்னா!”

ஈறு கத்தரிப்பூ நிறத்தில் வீங்கிக் கிடந்தது. அம்மா விரலை வைத்ததும் முன்பல் ஒன்று ஆடியது. அதுவரை வீறாப்பாக இருந்த மாமா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

“அக்கா, முன்பல்லு போச்சுன்னா ஊத முடியாது. எனக்கு வேற தொழில் தெரியாதுக்கா. மாஸ்டருக்குத் தெரிஞ்சா இன்னைக்கே வேற ஆளப் போட்டுடுவாரு.”

அம்மா அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் நானும் போனேன். டாக்டரம்மா வாயைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். மாமா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

“ஈறுல தடவ மருந்து தரேன். ஆனா தெனமும் பழம் உள்ள போவணும். சாத்துக்குடி, கிச்சிலி, எலுமிச்ச, ஏதாவது ஒண்ணு. அந்தச் சத்து இல்லாமதான் ஈறு இப்படி ஆயிருக்கு.”

“அய்யோ டாக்டரம்மா, புளிப்பு துன்னா ஊத முடியாதுங்க.”

“பல்லு விழுந்தப்புறம் நல்லா ஊதுவியா?”

அம்மாவிடம் ஒரு யோசனை இருந்தது. டாக்டரம்மா சொன்னதும் நடக்க வேண்டும், மாஸ்டர் சட்டமும் நிற்க வேண்டும். பெரிய மார்க்கெட்டில் சாத்துக்குடி வாங்கி வந்தாள். உரித்துச் சட்டியில் போட்டு, புளிப்பு போகிற மட்டும் கொதிக்க வைத்து, வெல்லம் தட்டிப் போட்டுக் கொடுத்தாள். வீடு முழுக்க ஒரு கசப்பு வாடை. எனக்கும் ஒரு கரண்டி கிடைத்தது. அப்படி ஒரு பண்டத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் தின்றதில்லை, தின்னவும் வேண்டாம். மாமா மூக்கைப் பிடித்துக்கொண்டு நாள் தவறாமல் குடித்தார். ரத்தம் நிற்கவில்லை. பல் இன்னும் கொஞ்சம் ஆடியது.

மறுபடியும் ஆஸ்பத்திரி.

“பழம் குடுக்கறீங்களா?”

“குடுக்கறேம்மா. நல்லா வேவ வெச்சுத்தான் குடுக்கறேன்” என்றாள் அம்மா, பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “சாத்துக்குடியில கொழம்பாம்மா வெக்கற? சூடு பட்டா அந்தச் சத்து போயிடும்மா. பச்சையா, உரிச்ச கையோட துன்னணும்.”

வீட்டுக்கு வந்ததும் ஒரு பழத்தை உரித்து மாமா முன்னால் வைத்தாள். “மாஸ்டர நான் பாத்துக்கறேன். துன்னு.”

கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு மாமா தின்றார். பேண்டு ஆட்கள் யாராவது வருகிறார்களா என்று பார்க்க என்னை வாசலில் நிறுத்தினார்கள். நான் கதவு இடுக்கில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுளைக்கு மாமாவின் முகம் போன போக்கு! ஒரு கண் மூடிக்கொண்டது, தோள் இரண்டும் காதுக்கு ஏறின.

“இத துன்னுட்டு எப்பிடிடா சிரிக்கறானுங்க ஜனங்க?” என்றார்.

தினமும் ஒன்று. சில நாள் எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து, சர்க்கரை போடாமல். கொஞ்ச நாளில் தலையணை உறை வெளுத்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஈறு இறுகியது. ஆடின பல் நின்றது. மாமாவுக்கு இப்போது முகம் சுளிப்பதுகூட இல்லை. டீ குடிக்கிற மாதிரி தின்றார். ஆனால் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. மாஸ்டர் மூக்கு மோப்பம் பிடிக்கும் என்று ஊதப் போகுமுன் வாயை மூன்று தரம் கழுவுவார்.

அப்போதுதான் அந்த மாப்பிள்ளை ஊர்வலம் வந்தது. நல்ல வெயில் இறங்கின நேரம். பேண்டு முன்னால், மாப்பிள்ளை காரில் பின்னால். மாமா ஊதுவதைப் பார்க்க நானும் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தெருமுனை திரும்பியதும் நாலைந்து பையன்கள் குறுக்கே நின்றார்கள். ஆளுக்கொரு எலுமிச்சம்பழம், பாதியாக அறுத்தது. பேண்டுக்கு நேர் எதிரே பின்னோக்கி நடந்துகொண்டு, ‘உஸ்ஸ்’ என்று சப்பினார்கள்.

முதலில் டிரம்பெட் போனது. ஊதுகிற சத்தம் போய் நுரை சத்தம் வந்தது. அடுத்தவர் வாயைத் துடைத்தார். அதற்கடுத்தவர் திரும்பியே நின்றுகொண்டார். மாஸ்டர், “அத்தான்சியோன்! அத்தான்சியோன்!” என்று கத்தினார். எச்சிலுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. பெண் வீட்டுக்காரர் ஒருவர், “என்னாய்யா, கல்யாணமா கருமாதியா?” என்றார். டமாரம் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

அதோடு கிளாரினெட்டும். மாமா ஊதிக்கொண்டே இருந்தார். பையன்களில் பெரியவன் அவர் முகத்துக்கு நேரே பழத்தை நீட்டிப் பிழிந்து சப்பினான். மாமா அவன் கண்ணையே பார்த்துக்கொண்டு ஊதினார். ஒரு பிசிறு இல்லை. அவனுக்குத்தான் பல் கூசி, முகம் கோணி, பழத்தை எறிந்துவிட்டு ஓடினான். சனம் விசில் அடித்தது. கல்யாண வீட்டு வாசல் வரைக்கும் என் மாமா ஒருவரே ஊர்வலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வாசலில் மாஸ்டர் மாமாவின் தோளைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். நான் ஓடினேன்.

“புளிப்பு துன்றியாடா நீ?”

“துன்றேன் மாஸ்டர். ஈறுல ரத்தம் வந்துச்சு. பல்லு ஆடுச்சு. டாக்டரம்மா சொன்னாங்க.”

அறை விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. மாஸ்டர் முன்னும் பின்னும் பார்த்தார். பக்கத்தில் நின்ற என்னை அவர் ஒரு ஆளாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“எவ்ளோ நாள்ல ரத்தம் நின்னுச்சு?”

“கொஞ்ச நாள்லயே மாஸ்டர்.”

“பச்சையாவேவா?”

“பச்சையாத்தான். வேவ வெச்சா பலிக்காது.”

மாஸ்டர் மீசையோடு சேர்த்து மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். முன்னால் பல் இல்லை. பக்கத்தில் இருந்தவை சிவந்த ஈறில் சாய்ந்து நின்றன.

“இது திரும்ப வருமாடா?”

மாமா தரையைப் பார்த்தார். “போனது வராது மாஸ்டர். இருக்கறது நிக்கும்.”

அவ்வளவு பெரிய மீசைக்காரர் உதட்டைத் தூக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தார். ஊர்வலத்தையே ஜெயித்த நாளில் என்னை எதற்கு அடித்தார் என்று வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

மாஸ்டர் மாமாவைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லித் திரிந்தேன். பேண்டில் எல்லாரும் ஊதும்போது அவர் மட்டும் ஊதாமல் கையில் கோலை வைத்து ஆட்டிக்கொண்டு போவது, எல்லாரையும்விட அவர் பெரியவர் என்பதால்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.