பூப்பந்து ஆடாதவர்கள் கேட்ட கூரை

பூங்கா போடுவதுதான் என் தொழில். இதைச் சொன்னால் உறவுக்காரர்கள், "செடி நடுற வேலையா?" என்று கேட்பார்கள். அதற்குப் போய் பல்கலைக்கழகம் வரை படித்தாயா என்பது அவர்கள் கேட்காமல் விடுகிற கேள்வி. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பொதுமக்கள் எங்கே நடக்க வேண்டும், எங்கே உட்கார வேண்டும், எந்த மரத்தடியில் அவர்கள் மனம் லேசாக வேண்டும் என்றெல்லாம் கோடு போட்டுக் கொடுக்கிறேன். பொதுமக்கள் அந்தக் கோட்டை மதித்ததாக இதுவரை தகவல் இல்லை. நான் போட்ட மூலிகைத் தோட்டம் ஒன்றில் இப்போது கோழி மேய்கிறது. வெறுங்காலோடு நடந்தால் நரம்புக்கு நல்லது என்று கூழாங்கல் பதித்துக் கொடுத்த பாதையில் மிளகாய் காய்கிறது.

சுங்கை சிப்புட் போகும் சாலையில் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தை விற்றபோது, அங்கே வேலை செய்த குடும்பங்களுக்கு அடுக்குவீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். நான்கே மாடிதானே என்று மின்தூக்கி வைக்கவில்லை. யாருக்கு எந்த வீடு என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். குலுக்கலுக்கு முழங்கால் வலியெல்லாம் தெரியாது என்பதால், இளசுகள் கீழேயும் கிழடுகள் மேலேயும் போய்ச் சேர்ந்தார்கள். கட்டடத்துக்கு எதிரே ஒரு திடல் சும்மா கிடந்தது. அதைப் பூங்காவாக்க ஊராட்சி மன்றம் முடிவெடுத்து, வரைபடம் போடும் வேலையை எங்கள் அலுவலகத்திடம் கொடுத்தது.

முதல் சடங்கு, மக்களிடம் கருத்துக் கேட்பது. ஊஞ்சல், சறுக்கு, ஓடுபாதை, உடற்பயிற்சிக் கருவி என்று படங்களை எடுத்துக்கொண்டு போனேன். பிடித்த படத்தின் மேல் ஒட்டச் சொல்லிக் கலர் கலராக வட்ட ஒட்டிகளும் கொடுத்தேன். ஒருவரும் ஒட்டவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் எழுந்தார். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை மேய்த்தவர். தோட்டமே போன பிறகும் எல்லோருக்கும் அவர் மண்டோர்தான்.

"எங்களுக்கு பேட்மிண்டன் கோர்ட் வேணும் மேடம். கூர போட்டு," என்றார்.

கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் மீதிப் பாதி. இங்கே யார் பூப்பந்து ஆடுவீர்கள் என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆடுவோம் லா என்று மண்டோரே எல்லோருக்குமாகப் பதில் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் கேள்விகள் வந்து விழுந்தன. கேட் எவ்வளவு அகலம், வேன் பின்பக்கமாக உள்ளே வருமா? தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருக்குமா? தரையைக் கழுவி விட்டால் தண்ணீர் எந்தக் கால்வாய்க்குப் போகும்? விளக்கு விடிய விடிய எரியுமா, காற்றாடிக்குப் பிளக் இருக்குமா? கடைசியாக, கட்டடத்தின் வாசலில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கிற அக்கா பின்னாலிருந்து, தெற்கு எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார்.

நான் அசந்துபோனேன். திறந்தவெளியில் பூப்பந்துக் களத்தை வடக்குத் தெற்காகப் போடுவதுதான் முறை, ஆடுபவர் கண்ணில் வெயில் படாது. இதை நான் காசு கட்டிப் படித்தேன். இந்த மக்களுக்கோ ரத்தத்திலேயே இருக்கிறது! அன்றைக்கே அறிக்கையில், குடியிருப்பாளர்களுக்கு விளையாட்டு வசதிகளைப் பற்றி ஆழமான புரிதல் இருக்கிறது என்று எழுதி வைத்தேன். அந்த வாக்கியத்தை எழுதியதும் எனக்கே ஒரு பெருமை.

இடத்தை அளக்கப் போன அன்று அந்தப் பெருமை போயிற்று. கட்டடத்துக்குக் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில் ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஒருவர் இறந்துவிட்டிருந்தார். சவப்பெட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. அதனால் ஆளைப் படுக்கை விரிப்பில் சுற்றிக் கீழே கொண்டுவந்து, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். வெளியே போக வழியில்லாத ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. அழுதுகொண்டிருந்த மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாவியோடு ஓடிப்போய்க் காரை நகர்த்திவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அழுதான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்.

நாசி லெமாக் அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"இப்ப வெளங்குச்சா மேடம், என்னா பேட்மிண்டன்னு?"

வெளங்கியது. தெற்கும் வெளங்கியது, இறந்தவருக்குத் தலைமாடு வைக்கிற திசை. இதை நேராகவே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"நல்லது பேசுற எடத்துல எப்படி அத சொல்றது? சொன்னா, யாரு வீட்டுக்குன்னு கேப்பீங்கல்ல?"

யார் வீட்டுக்கு என்பது நான் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. குலுக்கலில் மண்டோருக்குக் கடைசி மாடி விழுந்திருந்தது. அங்கே அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனை ஆட்கள் மேலே தூக்கி வந்து விட்ட பிறகு கீழே இறங்கவில்லை. இதயமும் பலவீனம் என்று அங்கே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவளையும் ஒருநாள் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்திவிடுவார்களோ என்ற பயம்தான் மண்டோருடைய பூப்பந்து ஆர்வம். அந்தப் பயம் வீட்டுக்கு வீடு இருந்ததால் கோரிக்கை ஏகமனதாக வந்திருந்தது.

பொழுதுபோக்கு இடங்களில் சமயச் சடங்கு எதுவும் நடத்தக் கூடாது என்று மன்றத்தில் ஒரு விதி உண்டு. ஆகவே உண்மையை எழுதினால் கூரை வராது. நான் மலாயில் மூன்று பத்தி எழுதினேன். இந்த மக்கள் மழையிலும் பூப்பந்து ஆட ஏங்குகிறார்கள், ஓடுபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்கள், அவர்களுக்கு வேண்டியது உயரமான ஒரு கூரை மட்டும். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே உருக்கமான எழுத்து அதுதான்.

உருக்கம் எல்லை மீறிவிட்டது. மன்றத்தில் இதைப் பார்த்த மலாய் அதிகாரி பூப்பந்துப் பைத்தியம். இத்தனை வருட வேலையில் இப்படிப்பட்ட ஓர் ஊரைப் பார்த்ததில்லை என்று என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிட்டது. கூரை வந்தது. அதோடு ஒரு பெட்டி நிறைய மட்டைகள் வந்தன, வலை வந்தது, வாரம் ஒருமுறை பயிற்சியாளர் வந்தார். போதாக்குறைக்கு, அக்கம்பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களைச் சேர்த்து மூத்தோர் போட்டி ஒன்றை இங்கேயே நடத்துவதாகவும் அதிகாரி அறிவித்துவிட்டார்.

வேறு வழியில்லை, ஆடித்தான் ஆக வேண்டும். ஆடாமல் விட்டால் களம் சும்மா கிடக்கிறது என்று குறிப்பு எழுதிப் பூட்டிவிடுவார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். மண்டோர் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். கடைசி மாடிப் படியிலிருந்தே பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு இறங்குவார். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டும், பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டும் வந்து நிற்பார்கள். முதல் வாரம் மட்டை ஒரு பக்கம் போனது, பந்து ஒரு பக்கம் போனது, ஒரு சித்தப்பாவின் பல்செட் வேறொரு பக்கம் போனது. நாசி லெமாக் அக்கா மட்டும் சோற்றுக் கரண்டி பிடித்த கையால் அடிக்கிற அடி எதிரே நிற்பவனின் வயிற்றில் வந்து விழும். பயிற்சியாளர் அவரைப் பார்த்து நிஜமாகவே பயந்தார்.

இதில் யாரும் எதிர்பாராத ஒரு கோளாறு நடந்தது. எல்லோருக்கும் ஆட்டம் பிடித்துவிட்டது. நான் மேற்பார்வைக்குப் போகும் நாட்களில் கட்டடமே காலியாக இருக்கும், களத்தில் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும். சாவுக்கென்று கேட்டு வாங்கிய இடத்தில் ஜனங்கள் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். என் பூங்காக்களில் நான் நினைத்தது நடந்ததே இல்லை. இங்கே நான் பொய்யாக எழுதியதெல்லாம் ஒன்று விடாமல் நடந்தது.

ஒருநாள் மண்டோர் கோப்பி குடிக்க வரச் சொன்னார். கடைசி மாடிக்கு ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவர் மனைவி ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை மடியில் கிடந்தது. வாய் மட்டும் நன்றாக வேலை செய்தது.

"எனக்காகத்தானம்மா கட்டுனீங்க? இவரு மறைக்கிறாரு. எனக்கு தெரியாதா?" என்றார்.

மண்டோர் அடுப்படிக்குள் போய்விட்டார். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கூரைதான் தெரிந்தது. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்கட்டும் என்று அதற்குப் பச்சை நிறம் தேர்ந்தெடுத்தவள் நான்தான்.

"பச்ச கலரு நல்லாத்தான் இருக்கு. எவ்ளோ நேரம்தான் அதையே பாக்குறது?"

திடல் சும்மா கிடந்த காலத்தில் அவருக்கு அந்த ஜன்னலில் எல்லாம் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் பந்து உதைப்பது, ஐஸ்காரன் வருவது, யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசாமல் போகிறார்கள், எல்லாம். இப்போது கூரைக்கு அடியிலிருந்து சத்தம் மட்டும் வருகிறது. சிரிப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பாராம். யார் ஜெயித்தது என்று மண்டோர் ஏறி வரும்வரை காத்திருப்பாராம்.

"செத்த பெறகு எங்க படுத்தா என்னம்மா. உசிரோட ஒரு ஆட்டம் பாக்கணும். இந்த மனுசன் தொப்பைய தூக்கிக்கிட்டு ஓடுறத பாக்கணும்."

மண்டோர் கோப்பியைக் கொண்டுவந்து வைத்தார். போட்டி முடியட்டும், பார்க்கலாம் லா என்றார், கோப்பையைப் பார்த்துக்கொண்டே. அவருக்கு ஆளை விரட்டத் தெரியும். ஒருவனிடம் போய்க் கொஞ்சம் கை கொடு என்று கேட்க வராது. சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று நான் கேட்டேன். படிக்கட்டில் சக்கரம் என்ன செய்யும் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. விதிப்படி சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று களத்து வாசலில் நான் அருமையான சரிவுப்பாதை போட்டிருந்தேன். கடைசி மாடியிலிருந்து அந்தச் சரிவு வரைக்கும் வந்து சேருவது என் வரைபடத்துக்கு வெளியே இருந்தது.

போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடியற்காலையில் அந்த அம்மா இறந்துபோனார்.

நாசி லெமாக் அக்கா போன் செய்து சொன்னார். களம் போட்டிக்கு எழுதி வைத்தது, விதி வேறு இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். நான் அதிகாரியைக் கூப்பிட்டு, மூன்று பத்தியில் எழுதியதற்கு நேர்மாறாக, ஒரே மூச்சில் உண்மையைச் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். வலையைக் கழற்றிவிட்டிருந்தார்கள். வேன் அகலமான கேட் வழியாகப் பின்பக்கமாக உள்ளே வந்திருந்தது. தரை கழுவித் துப்புரவாக இருந்தது. காற்றாடிகள் ஓடின. வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில், தெற்கே தலை வைத்து, புதுச் சேலையில் அந்த அம்மா படுத்திருந்தார். ஹார்ன் சத்தம் இல்லை, யாரும் காரை நகர்த்த ஓடவில்லை. அதிகாரி கேட்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். எல்லாம் இப்போதுதான் புரிகிறது என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். பராமரிப்பு வேலைக்காகக் களம் மூடப்பட்டிருக்கிறது, போட்டி ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று எழுதிக்கொள்வதாகவும் சொன்னார். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றார்.

என் தொழிலில் முதல்முறையாக, வரைந்தது அத்தனையும் அளவு பிசகாமல் பயன்பட்டுக்கொண்டிருந்தது. மண்டோரிடம் அதையே ஆறுதலாகச் சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எல்லாம் நீங்கள் நினைத்தபடியே நல்லபடியாக நடக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார். எதிரே, கீழ்மாடிகளிலிருந்து சாயங்காலம் ஆட வருகிற இளைஞர்கள் வியர்த்து நனைந்த சட்டையோடு தூண்களில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி மாடியிலிருந்து அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

மண்டோர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூப்பிடவே இல்லம்மா. நாலு பேரு அவங்களாவே மேல ஏறி வந்தானுங்க. ஒரு எடத்துலயும் இடிக்காம, பூ மாதிரி எறக்குனானுங்க," என்றார். பிறகு, "நேத்து ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருக்க மாட்டானுங்களா?" என்றார்.