ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், நடுவில் ஒரு போன்

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் பங்குக் கோயிலில் என் கணவர் சவரிராஜ் ஒரு சின்னப் புரட்சி செய்தார். பூசை நேரத்தில் பெண்கள் பக்கம் வந்து என் அருகில் உட்கார்ந்துவிட்டார்!

மயிலாப்பூரில் இதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். எங்கள் கோயிலில் செய்திதான். ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். போர்டு எதுவும் கிடையாது. ஆனால் யாரும் மாறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். இவருக்கு இரண்டு தடவை மயக்கம் வந்தது. இரண்டுமே பூசையில். எடுத்த டெஸ்ட் எல்லாம் நார்மல். "மயக்கம் வர்ற நேரத்துல இதயம் என்ன பண்ணுதுன்னு தெரியணும்மா" என்றார் அடையாறு டாக்டர். நெஞ்சில், இடுப்பில், கணுக்காலில் என்று பட்டன் சைஸில் மூன்று சென்சார்கள் ஒட்டினார்கள். வயர் கிடையாது, தகவல் எல்லாம் இவர் போனுக்கு வந்துவிடும்.

அடுத்த நாள் ஞாயிறு. பூசையில் மறுபடி கண் இருட்டி, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி... இந்தத் தடவை பதிவாகியிருக்குமே!

ஆகவில்லை. மூன்று சென்சாரிலும் பேட்டரி காலி.

எனக்கு வந்ததே கோபம்! ஆஸ்பத்திரியில் இந்தக் கருவிகளைக் கவனிக்கும் திவ்யாவிடம் நேராகப் போய்ச் சண்டை போட்டேன். அந்தப் பெண் அசரவில்லை.

"ஆன்ட்டி, கூட்டமான பஸ்ல டிக்கெட் காசை கை மாத்தி கை மாத்தி கண்டக்டர்கிட்ட அனுப்புவோம்ல? அதேதான். உடம்பைத் தாண்டி சிக்னல் போறது கஷ்டம். அதனால கணுக்கால் இடுப்புகிட்ட குடுக்கும், இடுப்பு போனுக்குக் குடுக்கும்."

"அப்போ இடுப்புக்குத்தானே வேலை ஜாஸ்தி?"

"கரெக்ட்! அது டயர்டாயிட்டா, நெஞ்சு வழியா போகும். யார்கிட்ட சார்ஜ் மிச்சம் இருக்குன்னு பார்த்துதான் ரூட் மாறும். ரெண்டு நாள் தாராளமா வரணும்... பூசையில அங்கிள் போன் எங்க இருந்துச்சு?"

என் கைப்பையில்!

கோயில் வாசலில் போனை சைலண்டில் போட்டு என்னிடம் கொடுப்பது இவர் வழக்கம். இவர் மட்டுமா? பெண்கள் பக்கத்துக் கைப்பைகளைத் திறந்தால், ஆண்கள் பக்கத்துப் போன்கள் பாதி அங்கேதான் இருக்கும்.

திவ்யா சிரித்துவிட்டாள். "கண்டக்டர் வேற பஸ்ல ஏறிட்டாரு ஆன்ட்டி! தூரம் கூடினா சத்தமா பேசணும். மூணும் கத்திக் கத்தியே தீர்ந்துபோயிருக்கு."

யோசித்துப் பார்த்தேன். ஹாலிலிருந்து இவர் "காபி ஆச்சா?" என்பதும், கிச்சனிலிருந்து நான் "என்ன?" என்பதும்... எங்கள் வீட்டில் பாதி பேட்டரி இதில்தானே போகிறது? நாலு எட்டு நடந்து வந்து கேட்டால் என்னவாம்?

"போனை சட்டைப்பையில வச்சுக்கோங்க" என்றேன் இவரிடம். "பூசையில போனை வச்சுக்கிட்டா? ஆகாது" என்று ஒரே பிடிவாதம். அப்படியானால் போன் இருக்கும் இடத்துக்கு இவர்தானே வரவேண்டும்? அதுதான் புரட்சி.

அடுத்த ஞாயிறு, சார்ஜ் ஏற்றிய சென்சார்களோடு இவர் என் அருகில் உட்கார்ந்ததுமே, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மரியதாஸ் அண்ணன் ஓடி வந்தார். "இன்னா சார், சைடு மாறி குந்திகினு கீறீங்க?"

"டாக்டர் உத்தரவு அண்ணே" என்றேன்.

நடுப்பூசையில் முழந்தாளிட்டு எழுந்தபோது இவர் தள்ளாடினார். இந்தத் தடவை பிடித்தது நான். பயத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்கு எனக்கும் ஒரு சென்சார் ஒட்டியிருக்கலாம்.

எல்லாம் பதிவாகியிருந்தது. எழும்போது இதயத் துடிப்பு சட்டென்று குறைகிறதாம். இவர் சாப்பிட்டுவந்த பிரஷர் மாத்திரைதான் காரணமாம், டாக்டர் அதை மாற்றினார். பிறகு மயக்கம் இல்லை, சென்சார்களையும் எடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு வாசலில் வழக்கம்போல் போனைக் கொடுத்தார். வலப்பக்கம் போவார் என்று பார்த்தால், என் பின்னாலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அதான் கருவியெல்லாம் எடுத்தாச்சே?"

"போன் இங்கதானே இருக்கு" என்றார், பீடத்தைப் பார்த்தபடி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷமும் அது என் பையில்தானே இருந்தது!