பாட்டிலின் பின்பக்கம்

பாட்டில் கைக்கு வந்ததும் திருப்பிவிடுவாள். முன்பக்கத்துத் திராட்சைக் கொத்தும் தங்க எழுத்தும் அவளுக்கு வேண்டாம். பின்பக்கத்தின் ஓரத்தில் எறும்பு அளவில் போட்டிருக்கும் போதைச் சதவீதம்தான் வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு படும் தூரத்தில் வைத்துப் படிப்பாள்.

மதுக்கடையில் புது ஆள் என்றால் அவளே ஆரம்பிப்பாள்.

"தம்பி, கம்மி காசுல நல்லா ஏறுறது எது?"

"வீட்டுக்காரருக்காம்மா?"

"எனக்குத்தான்."

அவன் ஓர் அடி பின்வாங்கி, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டுவான். ஊரிலேயே மலிவான போதை எது என்பது அவளுக்கு இப்படித்தான் தெரியவரும்.

வரித்துறையில் விலை சரிபார்க்கும் வேலை, இருபத்திரண்டு வருடமாக. கடைக்காரர்கள் வைத்த பெயர் 'அளவுக்காரம்மா'. முன்பு பாட்டிலின் விலையைப் பார்த்துத்தான் வரி. அதனால் மலிவான பாட்டிலில் கடுமையான சரக்கை அடைத்து விற்றார்கள். சனிக்கிழமை இரண்டு லிட்டரை ஒரே ராத்திரியில் முடித்தவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தார்கள். அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பியும் இரண்டு முறை கிடந்திருக்கிறான்.

"பாட்டிலுக்கு வேண்டாம் சார், உள்ள இருக்கற போதைக்கு வரி போடுங்க. இத்தன போதைக்கு இத்தன விலைன்னு ஒரு கோடு போடுங்க. அதுக்குக் கீழ எவனும் விக்கக் கூடாது." எட்டு வருடம் இதையே சொன்னாள். கேட்டுக்கொண்டே மூன்று மேலதிகாரிகள் ஓய்வுபெற்றார்கள். நான்காமவர் கோப்பில் எழுதினார். விதி வெளியான அரசிதழின் தாள் அவள் கைப்பையில் நான்காக மடிந்திருக்கிறது. அதில் அவள் பெயர் இல்லை. "ரெண்டாவது வரில இருக்கற வார்த்தையெல்லாம் என்னோடது" என்று மட்டும் சொல்வாள்.

ஆனால் விதி மூன்று வருடச் சோதனைக்குத்தான். நீட்டிப்பதா, கைவிடுவதா என்று இந்தத் திங்கட்கிழமை அரசுக் குழு முடிவு செய்யும். போன கூட்டத்தில் மதுக் கம்பெனிக்காரர் சிரித்துக்கொண்டே, "குடிக்கறவன் எப்படியும் குடிப்பாம்மா" என்றார்.

"குடிப்பான் சார். எவ்ளோங்கறதுதான் பேச்சு."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

தம்பி தினமும் ஏசுவான். "ஊர்ல எல்லாருக்கும் எதிரி வெளிய இருப்பான். எனக்கு அக்கான்னு வீட்டுக்குள்ளயே!" அதே வாயால், வேலை பார்க்கும் பட்டறையில், "விலைய ஏத்துனது யார் தெரியுமா? எங்கக்கா!" என்று மார்தட்டுவானாம். சகாக்கள் அடிக்காத குறை.

ஞாயிறு காலை. சமையலறை மேடையில் அவன் பாட்டில் நின்றது. பெரியது கட்டுப்படியாகவில்லை என்று முனகிக்கொண்டே வாங்கிய சின்ன பாட்டில். அதிலும் பாதி மிச்சம். அவன் பாட்டிலில் மிச்சம் என்ற ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை எழுந்திருக்காதவன், பல் தேய்க்கும் நுரையோடு வாசலில் வந்து நின்றான்.

"என்னக்கா, இத நாளைக்குக் கூட்டத்துல காட்டப் போறியா?"

"போடா, வாயக் கொப்புளிச்சிட்டு வா."

அவன் போனதும் அவள் கை பழக்கப்படி பாட்டிலுக்கு நீண்டது. திருப்பவில்லை. தளர்ந்திருந்த மூடியை மட்டும் இறுக்கி, திராட்சைக் கொத்து தன்னைப் பார்க்கும்படியே வைத்தாள்.